இளவேனில் என்னும் சொற்பொருள்

தமிழ்ச் சொற்களுட் சில தம் பொருளைத் தம் உறுப்பிலேயே உணர்த்தி நிற்பன. அவற்றுள்ளும் சில, நெடுநாள் வழக்கினால் அவ்வுறுப்புப் பொருள் மறைய, வேறொரு மொழிச்சொல்லின் பொருளையே தம்முடையதாகக் கொண்டு வழங்கி வருகின்றன. இளவேனில் என்பது அத்தகையதொரு சொல். அதன் பொருள் யாதென வினவின், கற்றார் பலரும் வசந்தம் என விடையிறுப்பர். வசந்தம் யாதென மீட்டும் வினவின், குளிர்ச்சியும் மலர்ச்சியும் உடைய காலம் என்பர். இவ்விரு விடைகளாலும், இளவேனில் என்பது குளிர்ந்த காலத்தின் பெயர் என்னும் கருத்துக் கேட்பார் உள்ளத்திற் படிகின்றது. சொல்லோ அதற்கு மாறாக வெம்மையையே தன்னுள் வைத்திருக்கின்றது.

இஃது அகராதியளவில் நின்றொழிவதொரு பிழையாயின் இத்துணை விரித்து ஆராய வேண்டுவதில்லை. திருநாவுக்கரசு நாயனார் நீற்றறையினுள் இருந்து அருளிச்செய்த தனித் திருக்குறுந்தொகையின் முதற்பாட்டில், இறைவன் திருவடி நிழற்கு உவமையாக ஓதப்பெற்ற ஐந்தனுள் இளவேனிலும் ஒன்று. ஐந்தாந் திருமுறைக்கண் உள்ள அப்பதிகம் சைவ நன்மக்களால் இடையறாது ஓதப்பெறுவது. அதன்கண் இச்சொல்லின் பொருள் பிறழக் கொள்ளப்படின், நாயனார் அவ்வறையினுட் பெற்ற அனுபவமும் பிறழக் கொள்ளப்படும். தீயின் வெம்மை ஒழிந்தமையால் இன்பம் விளைந்ததோ, வெம்மையினிடத்தே திருவடி நிழல் வாய்த்தமையால் இன்பம் விளைந்ததோ என்னும் வினா, இச்சொல்லின் பொருளைப் பற்றியே எழுகின்றது. ஆகலின் அதன் பிறப்பும் பொருளும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

வேனில் என்பதன் பகுதி வே என்பதாம். வேதல், வேவு, வெந்தது என்னும் வினைகள் யாவும் இவ்வடியின. வெம்மை, வெப்பம், வெயில், வெதும்பல் என்னும் சொற்களும் இதற்கு இனமாவன. தமிழில் வேனல் எனவும் வேனில் எனவும் இருவடிவும் உண்டு. மலையாளத்தார் கோடைக்காலத்தை வேனல் என்றே இன்றும் வழங்குப. தெலுங்கர் வேசவி என்ப. தமிழின் வகரம் பகரமாகத் திரியும் இயல்புடைய கன்னடத்தில் அது பேசிகெ என வழங்கும். உடன்பிறந்த மொழிகள் யாவற்றினும் இச்சொல் வெம்மைக் காலத்திற்கே பெயராயிருத்தலின், தமிழில் மட்டும் அது குளிர்ச்சியைக் குறித்துப் பிறந்ததென்றல் பொருந்தாது.

அற்றேல், வேனில் என்பதன் ஈற்றில் நிற்கும் இல் என்பதனை இன்மைப் பொருட்டாகக் கொண்டு, வேதல் இல்லாத காலம் எனப் பிரித்தால் என்னையெனின், அது பொருந்தாது. அங்ஙனம் கொள்ளின் முதுவேனில் என்பது வெம்மை முற்றும் இல்லாத காலமாதல் வேண்டும். ஆனியும் ஆடியும் அத்தகையன அல்ல என்பது யாவரும் அறிந்தது. அன்றியும், வெயில் என்னும் சொல்லின் ஈறும் இல் என்றே நிற்கின்றது. அதனை வெம்மையில்லாதது எனப் பிரிப்பார் ஒருவரும் இலர். ஆகலின் இரண்டிடத்தும் அது பெயரீறு என்றே கொள்ளப்படும்.

இனி, இள என்னும் அடைமொழி குளிர்ச்சியை உணர்த்துமோ எனின், உணர்த்தாது. இளவெயில் என்புழி வெயிலின்மை பெறப்படுவதில்லை; முற்றாத காலை வெயிலே பெறப்படுகின்றது. இளஞ்சூடு என்புழியும் சூடு உண்டு. அது முறுகாத நிலையினது. அதுபோலவே இளவேனில் என்பது முற்றாத வெம்மையுடைய காலம் எனப் பொருள்படும். இளமை, முதுமை என்பன ஒரு பொருளின் இருவேறு பருவங்கள். ஒன்றற்கொன்று மறுதலையான இரு பொருள்கள் அல்ல. இளவேனிலே முதிர்ந்து முதுவேனில் ஆகின்றது.

தொல்காப்பியனார் பாலைத் திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வகுத்தனர். நாளின் வெம்மை மிக்க கூறும் ஆண்டின் வெம்மை மிக்க கூறும் ஒரு நிலத்திற்கு உரியவாக ஒருங்கே வைக்கப்பட்டன. அவர் வேனில் எனப் பொதுப்படக் கூறியதனை உரையாசிரியர் இளவேனில், முதுவேனில் என இரண்டாகப் பகுத்துச் சித்திரையும் வைகாசியும் முன்னதற்கும், ஆனியும் ஆடியும் பின்னதற்கும் உரியவாகக் காட்டினர். இருபாற்பட்டவிடத்தும் பொதுப்பெயர் வேனிலே என்பது மறக்கற்பாலதன்று.

தில்லைத் திருக்கோயில் வழிபாட்டு முறையும் இதற்கு அரண் செய்கின்றது. கூத்தப்பெருமானுக்கு ஆண்டில் ஆறு நாள்களில் திருமுழுக்கு நிகழும். மக்கள் ஆண்டு ஒன்று தேவர்க்கு ஒரு நாள் என்னும் கொள்கைபற்றி அவ்வாறும் ஒரு நாளின் ஆறுகால பூசைகளாகக் கருதப்படுகின்றன. மார்கழித் திருவாதிரை வைகறையாகவும், மாசிச் சதுர்த்தசி காலைச் சந்தியாகவும், சித்திரைத் திருவோணம் உச்சிக் காலமாகவும், ஆனி உத்திரம் மாலைச் சந்தியாகவும் அமைகின்றன. ஆவணிச் சதுர்த்தசியும் புரட்டாசிச் சதுர்த்தசியும் இரவுக் காலங்களாம். இளவேனிற்றிங்களாகிய சித்திரை ஆண்டென்னும் நாளின் உச்சிப் பொழுதாதல் இதனாற் பெறப்படுகின்றது. நண்பகலையும் வேனிலையும் ஒருங்கு வைத்த தொல்லாசிரியர் கருத்தும் ஆகம வழிபாட்டின் கருத்தும் ஈண்டு ஒன்றுபடுகின்றன.

வசந்தம் என்னும் வடசொல்லின் வரலாறு வேறு. ஒளிர்தல் என்னும் பொருளுடைய வஸ் என்னும் அடியினின்று அது பிறந்ததென வடமொழி அகராதியார் கூறுவர். பனியினால் ஒடுங்கிக் கிடந்த நிலம் மீட்டும் விளங்கித் தோன்றுங் காலம் என்பது அதன் கருத்தாகலாம். அதனோடு உறவுடையதாகிய வேர் என்னும் இலத்தீன் சொல்லும் அப்பருவத்தையே குறிப்பது. அச்சொல்லின் ஒலி வேனில் என்பதனோடு சிறிது ஒத்திருத்தல் கொண்டு இரண்டும் ஓரினம் என மயங்கற்க. முன்னது ஒளி பற்றியும் பின்னது வெம்மை பற்றியும் பிறந்தன. உறைபனியுடைய நாட்டார்க்கு ஒளி மீளுதல் பருவமாற்றத்தின் அறிகுறி. அத்தகைய பனி காணாத தமிழ்நாட்டார்க்கு வெம்மை தொடங்குதல் அறிகுறி. இரண்டு நிலத்தார் தத்தம் நிலத்தை நோக்கி இட்ட பெயர்கள் இவை. திங்கள் ஒத்தமையால் ஒன்றற்கு மற்றொன்று பொருளாக எழுதப்பட்டதேயன்றிச் சொற்பொருள் ஒத்தமையால் அன்று.

சொல்லின் பொருளை அச்சொல் வழங்கிய நிலத்தொடு வைத்து நோக்குதல் இன்னும் தெளிவு தரும். நாயனார் அவதரித்த திருவாமூரும், ஆட்கொள்ளப்பட்ட திருவதிகையும், கல்லே தெப்பமாகக் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரும் இன்றைய கடலூர் மாவட்டத்தின்கண் உள்ளன. பாதிரி என்பதே வேனிலிற் பூக்கும் மரமாகும். சங்கச் செய்யுட்களிலும் அது வேனிலோடு சார்த்தியே பேசப்படும். அதுவே அத்தலத்தின் தலமரமாகி ஊர்க்கும் பெயராயிற்று. ஆகவே நாயனார் அறிந்த இளவேனில் இந்நாட்டு இளவேனிலே என்பது தெளிவு.

அந்நாட்டின் கரையில், கடலூர்க்குத் தெற்கே, தில்லைக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் உள்ளது பரங்கிப்பேட்டை. மேனாட்டு வணிகர் வந்திறங்கியமையாற் பெற்ற பெயர் இது. போர்ச்சுக்கீசியர் இட்ட போர்ட்டோ நோவோ என்னும் பெயரும் இதற்கு உண்டு. இவ்வூர்க் கழிமுகத்தின் நீரையும் உயிரினங்களையும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சிகளில் ஆண்டு பெரும்பாலும் நான்கு கூறாக வகுக்கப்படும். ஏப்பிரல் முதல் சூன் வரையிலான கூறு கோடை என்றே குறிக்கப்படுகின்றது. வசந்தம் என ஒரு கூறு அவ்வகுப்பில் இல்லை. தமிழ்த் திங்களாற் கூறின் அக்கோடையின் பெரும்பகுதி சித்திரையும் வைகாசியுமே. கருவியால் அளந்தார் கண்டதும், வே என்னும் அடியாற் பெயரிட்டார் கண்டதும் ஒன்றே என்க.

அங்ஙனமாயின், அக்கினி நட்சத்திரம் என மக்கள் அஞ்சும் நாட்களையும் உட்கொண்ட காலத்தை இளமை என்னும் அடைகொடுத்து வழங்கியது எவ்வாறு பொருந்தும் எனின், இரண்டு காரணங் கூறலாம். முதலாவது, பருவத்திற்கும் திங்கட்கும் இடையே நேர்ந்த பிறழ்ச்சி. பகலும் இரவும் ஒத்து நிற்கும் நாள் மார்ச்சுத் திங்கள் 21-ஆம் நாளையொட்டி வருகின்றது. சித்திரை முதல்நாளோ இந்நாளில் ஏப்பிரல் 14-ஐயொட்டி, அதற்கு 24 நாள் பிந்தி வருகின்றது. அயனம் பின்செல்லுதலால் விளைந்த வேற்றுமை இது. நாயனார் வாழ்ந்த கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் இவ்வேற்றுமை சில நாள்களேயாம். ஆகவே அவர் காலத்துச் சித்திரை, ஞாயிற்றின் செலவை நோக்க, இக்காலத்துச் சித்திரையினும் ஏறத்தாழ மூன்று கிழமை முற்பட்டுத் தொடங்கிற்று. அப்பொழுது வெம்மை தோன்றி வளருந் தொடக்கமே இளவேனிலின் பெரும்பகுதியாயிருந்தது.

இரண்டாவது காரணம் காற்று. கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனத் திசைபற்றிக் காற்றை நான்காக வகுத்தனர் தமிழர். இக்கடற்கரையில் இளவேனிலிற் கரையையொட்டித் தெற்கினின்று காற்று வரும். பகலிற் கடற்காற்றும் அதனோடு சேரும். ஆனி ஆடியில் மேற்றிசைக் காற்று நிலத்தின் வெப்பத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கடற்காற்றை எளிதிற் புகவொட்டாது தடுக்கும். தென்றலுடைய வெம்மை இளவேனில் எனவும், மேல்காற்றுடைய வெம்மை முதுவேனில் எனவும் அறியப்படும். ஞாயிறு இரண்டிடத்தும் சுடுகின்றது. ஆயினும் முன்னதன்கண் இளங்காற்றும் உடனிருக்கின்றது.

இதுகாறும் கூறியவற்றை உட்கொண்டு நாயனார் திருப்பாட்டை நோக்குவோம். அதன்கண் உவமையாக ஓதப்பெற்றவை வீணை, மாலை மதியம், தென்றல், இளவேனில், வண்டு முரலும் பொய்கை என ஐந்து. இவ்வைந்தனுள் நான்கு பொருள்கள், ஒன்றே காலம். வீணை செவிக்கும், மதியம் கண்ணுக்கும், தென்றல் மெய்க்கும் இன்பந் தருவன. பொய்கை பல புலன்களுக்கு ஒருங்கே விருந்தாவது. இளவேனிலோ தனியே ஒரு புலனுக்கு விடயமாவதன்று. ஏனைய நான்கும் இன்பமாய்த் தோன்றுதற்கு நிலைக்களனாயுள்ளது. கூதிர்க் காலத்துப் பொய்கையை நாடுவார் இலர். முன்பனிக் காலத்து நிலவிற் புறத்தே இருப்பாரும் அரியர். வேனிலின் வெம்மையால் உடல் வெதும்பியிருத்தலினாலேயே தென்றலும் நிலவும் பொய்கையும் இனியவாகின்றன. ஆகவே இளவேனிலைக் குளிர்ச்சி எனக் கொள்வார், ஏனைய உவமைகளின் இனிமைக்கு உரிய காரணத்தையே நீக்கிவிடுகின்றனர்.

அவ்வுவமைகளாற் பொருள் செய்யப்பட்டதும் திருவடியின் நிழல் என்பது பெரிதும் நோக்கத்தக்கது. நிழல் என்பது வெயில் உள்ளவிடத்தன்றி உளதாகாது. வெம்மை முற்றும் ஒழிந்ததாயின் நிழலுக்கு அங்கே வேலையில்லை. நாயனார் திருவடி நிழல் என்றருளிய அதனாலேயே, சூழ இருந்த வெம்மையும் உடன்பட்டு நிற்கின்றது.

இளவேனிலுக்கு அடையாக வந்த வீங்கு என்னும் சொல்லும் இக்கருத்திற்கே துணையாகின்றது. வீங்குதலாவது பெருகி வளர்தல். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களின் மைந்தராய்ப் பிறந்து கிறித்து மதம் புக்க பிரான்சிசு கிங்சுபெரி என்பார், பிலிப்சு என்பாரோடு கூடி 1921-இல் வெளியிட்ட சைவத் திருப்பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பில், இவ்விடத்தை அப்பருவத்தின் வளரும் வெம்மை என்னும் கருத்துத் தோன்றவே பெயர்த்திருக்கின்றனர். வேற்றுமொழியிற் பெயர்த்தோர் கைவிடாத வெம்மையைத் தமிழிற் பொருள் கூறுவோர் கைவிடுதல் இரங்கத்தக்கது.

இனி, இதற்கு ஒரு தடை எழும். அந்நீற்றறை குளிர்ந்தது என்றே சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் அருளிச்செய்தனர். அதற்கு இப்பொருள் மாறாகாதோ என்பது அத்தடை. ஆகாது என்பதே விடை. அத்திருவாக்கை ஊன்றி நோக்கின், குளிர்ச்சியைக் குறிக்கும் அடைகள் தென்றலுக்கும் கழுநீர்த் தடத்துக்குமே கொடுக்கப்பட்டிருத்தல் காணலாம். இளவேனிலுக்கு நாயனார் கொடுத்த வீங்கு என்னும் அடையையே அவரும் கொடுத்து, அதனைப் பருவம் என்றனர், தண்மை என்றாரல்லர். குளிர்ந்ததற்குக் காரணமாக அவர் கூறியதும் இறைவன் திருவடி நீழலின் அருளே. ஆகவே குளிர்ச்சி திருவருளுக்கும், வெம்மை இடத்துக்கும் உரியன. இரண்டும் ஒருங்கிருந்த நிலைக்கு இளவேனிலிற் சிறந்ததோர் உவமை இன்மையினாலன்றோ நாயனார் எடுத்தோதிய சொல்லைச் சேக்கிழாரும் விடாது போற்றினார்!

நீற்றறை என்பது சுண்ணாம்பு சுடும் காளவாய். கடற்கரையூர்களிற் பழைய நாளிற் கிளிஞ்சலைச் சுட்டே சுண்ணாம்பு செய்தனர். கிளிஞ்சல் நீறாதற்கு ஏறத்தாழ 900 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். அத்தகைய அறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டவர், வே என்னும் அடியையே உள்ளடக்கிய ஒரு சொல்லைத் தேர்ந்து திருவடிக்கு உவமையாக்கினர். வேகும் இடத்தில் இருந்தவர் வேனிலை வாயாற் கூறியது, வெம்மையை மறைத்தற்கு அன்று. அதுவே தமக்கு இளையதாயிற்று என உணர்த்துதற்கேயாம்.

இவ்வுண்மையை நாயனார் வரலாற்றின் முற்பகுதியோடு ஒப்பிட்டுக் காண்க. தருமசேனராய்ப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் இருந்த காலத்தில் அவரைப் பற்றியது சூலை. அதுவும் வயிற்றினுள் மூண்ட தீயே. திலகவதியார் வேண்டுகோளுக்கு இரங்கி இறைவனே அதனை அருளினன். அவ்வெம்மையைத் தாங்கலாற்றாது திருவதிகையிற் சென்று கதறி முறையிட்ட பதிகமே அவரது முதற்பதிகம். பின்னர்ப் பல்லவன் இட்ட தீ அதனினும் சிறியதன்று. முன்னர்க் கதறியவர் பின்னர் இனிமை பாடினர். தீயோ இரண்டிடத்தும் தீயே. வேறுபட்டது அத்தீயை ஏற்ற உயிரின் நிலை.

அந்நிலையைச் சித்தாந்த நூல்கள் மலபரிபாகம் என்ப. பாகம், பக்குவம் என்னும் வடசொற்கள் சமைத்தல், வேவித்தல், பழுத்தல் என்னும் பொருளுடைய பச் என்னும் அடியிற் பிறந்தன. தமிழில் வே என்பது எதுவோ வடமொழியிற் பச் என்பது ஏறத்தாழ அதுவே. ஆகவே பரிபாகம் என்பதும் வேனில் என்பதும் பிறப்பால் வேறாயினும் கருத்தால் அணுக்கமுடையன. வேனிலின் வெம்மையினாலேயே மாங்கனி பழுக்கின்றது. நெய்தல் நிலத்தில் உப்பு விளைகின்றது. வெம்மை இல்லையேல் பழுத்தலும் இல்லை, விளைதலும் இல்லை. உயிரைப் பற்றிய மலமும் திரோதான சத்தியின் செயலாற் பரிபாகமுறுங்கால் அச்செயல் வெம்மையாகவே தோன்றும். இறைவன் ஒறுத்தலும் அன்பினாற் செய்வதே எனச் சிவஞான சித்தியார் நாட்டியதும் இதுபற்றியே. அறக்கருணை தென்றல் எனின், மறக்கருணை வேனில் எனலாம். இரண்டும் ஒரு முதல்வன் செயலே.

காமனுக்கு வேனிலான் என்பதொரு பெயருண்டு. வேனிற் பருவத்தைத் தன் படையாகக் கொண்டு இறைவன்மேற் சென்ற அவன், திருக்குறுக்கை வீரட்டத்தில் நெற்றிக்கண்ணாற் சாம்பராயினன். நாயனாரோ சாம்பராதற்கென்றே நீற்றறையில் இடப்பட்டு அங்கே இளவேனிலைக் கண்டனர். வேனிலைத் தனதென்று ஏவியவன் வெந்தான்; வேகுமிடத்திற் கிடந்து திருவடியை நினைந்தவர் வேனிலைப் பெற்றார். தன்முனைப்பும் அதன் ஒழிவும் தரும் பயன் இவ்வொரு சொல்லினிடத்தே இருவகையாலும் விளங்குதல் காண்க.

இவ்வாராய்ச்சியாற் போந்தது இது: இளவேனில் என்பது வே என்னும் தமிழடியிற் பிறந்து, முற்றாத வெம்மையுடைய காலத்தை உணர்த்துஞ் சொல். வசந்தம் அதற்கு ஒத்த திங்களின் பெயரேயன்றி ஒத்த பொருளின் பெயரன்று. குளிர்ச்சி என்பது அப்பருவத்துத் தென்றலின் பண்பு, பருவத்தின் பண்பன்று. திருக்குறுந்தொகைக்குப் பொருள் விரிப்போர் இவ்வேற்றுமையை விளங்கக் கூறுதல் வேண்டும். இல்லையேல், துன்பம் நீங்கிய பின்னரே திருவருள் வருமென்று கேட்போர் கருதுவர். துன்பத்தினிடத்தே அதற்கு நிழலாய் வந்து நிற்பதே திருவருள் என்பதன்றோ நாயனார் கண்டு காட்டியது!

நாயனார் திருவடி நீழல் எய்திய நாள் சித்திரைச் சதயம், அதுவும் இளவேனிலே. அந்நாளிற் சிவாலயங்கள்தோறும் குருபூசை நிகழ்கின்றது. சிவலிங்கத் திருமேனியின்மேல் தாராபாத்திரம் தூக்கி நீர் சொரியச் செய்யும் காலமும் அதனையொட்டியே வருகின்றது. வெயிலிற் கால் பொரிய நடந்து வந்து, சந்நிதியின் நிழலில் நின்று அப்பதிகத்தை ஓதும் அன்பர்க்கு இச்சொல்லின் பொருள் உரையின்றியே விளங்கும்.